தேரை வாயில் தங்க இடம் உண்டு

வெள்ளாம்பாறை மலைக்குத் தங்க வர்ற சனங்க, தங்குறதத் தவிர மத்த எல்லாத்தையும் கேக்க ஆரம்பிச்ச காலத்துல, ஒரு ஆடி மாசத்துக் காலைல சாரல் பேஞ்சுக்கிட்டிருக்கும்போது, நல்லம்மாவோட ரூம ஒரு தேரை முழுங்கிட்டு அதே எடத்துல உக்காந்துச்சு. ரூம்னா கட்டிலு, மெத்தை, சன்னலு, மேல போட்ட ஓடு எல்லாத்தோடயும். தேரைன்னா தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்திருக்குமே, அதே தேரைதான். அதே சொரசொரப்பு, அதே மண்ணு நெறம், அதே ‘உனக்கென்ன வேணும் இப்ப’ங்கிற மூஞ்சி. ஆனா அளவு மட்டும் கல்யாண மண்டபம். பக்கத்துக் காட்டுல பீன்ஸ் பறிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க நிமிந்து பாத்துட்டு, “ஏ நல்லம்மா, உன் ரூம தேரை தின்னுப்புடுச்சு பாரு”ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டாங்க, ஏன்னா மார்க்கெட் லாரி வர்றதுக்குள்ள மூட்டை கட்டியாவணும்.

நல்லம்மா வந்து பாத்தா. அப்பறம் திரும்பித் தம்பியப் பாத்து, “யாருமே வராத ரூமுக்கு மொத மொத ஒரு கிராக்கி வந்திருக்கு, அதுவும் தின்னுட்டுப் போறதுக்கு”ன்னா.

தம்பி பேரு சீரங்கன். பாலிடெக்னிக்க பாதில விட்டவன், பேக்கரிய விட்டவன், செல்போன் கடைய விட்டவன், எதையும் புடிச்சு வெச்சுக்கத் தெரியாதவன், வாய மட்டும் விடாதவன். அவன் கடைசியா வந்து நின்ன எடம் மலையடிவாரத்துலேருந்து பஸ் ஏறி வந்து நிக்கிற பஸ் ஸ்டாண்டு. அங்க எறங்குற ஆளுங்க மூஞ்சியப் பாத்து, “ரூம் வேணுமா சார்”னு கேட்டு, அவங்களுக்குத் தோதான எடத்துல கொண்டு போய் விடுற புரோக்கர் வேலை.

அந்த வேலைக்கு அந்த மலைல ஒரு கட்டு இருந்துச்சு. எந்தக் காலத்துலயோ ஒரு புரோக்கரு, தான் பாக்காத ரூமுக்குப் புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிய அனுப்பி, அந்தப் பொண்ணு மூட்டைப்பூச்சி கடிச்ச ஒடம்போட பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு, மலையே வேர்க்கிற மாதிரி சாபம் விட்டுட்டுப் போச்சாம். அதுலேருந்து எந்த ரூமா இருந்தாலும் புரோக்கரு மொதல்ல தான் படுக்கணும், எழுந்திரிக்கணும், அப்பறந்தான் வாயத் தெறக்கணும். வாயத் தெறக்கும்போது “படுத்தேன், சொல்றேன்”னு ஆரம்பிக்கணும். அப்படி ஆரம்பிக்காத புரோக்கர மலைல ஒரு டீக்கடைக்காரன்கூட நம்ப மாட்டான்.

சீரங்கனும் படுத்தான். மலைல ஒண்ணு விடாமப் படுத்தான். ஏன்னா வந்த சனத்துக்கு சும்மா ஒரு ரூம் பத்தல. “வித்தியாசமா ஏதாவது இருக்கா தம்பி, ஊருக்குப் போனா சொல்லிக்கிற மாதிரி, ஆயுசுக்கும் மறக்காத மாதிரி”ன்னு கேட்டாங்க. ஒருத்தன் மரத்து மேல ரூம் கட்டுனான், ஒருத்தன் குகைல கட்டுனான், ஒருத்தன் பாலம் கட்ட வந்த சிமிண்டுக் குழாயத் தூக்கிட்டு வந்து அதுக்குள்ள ஏசி போட்டான், ஒருத்தன் ஜெயிலு மாதிரி கம்பி வெச்சு, காக்கிச் சட்டை போட்ட மச்சான வெச்சுத் தகரத் தட்டுல களி போட்டான். அதுக்கு மூணு மாசம் முன்கூட்டியே சொல்லி வெக்கணும். மச்சான் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் திட்டுவான், அது தனிக் கட்டணம். சீரங்கனுக்குப் பாக்கப் பாக்கக் குமட்டும். “வீட்ல பொண்டாட்டி திட்டுனா கோச்சுக்கிட்டு மலைக்கு வர்றான், இங்க வந்து காசு குடுத்துத் திட்டு வாங்குறான்”னு டீக்கடைல சொல்லிச் சொல்லிச் சிரிக்க வெப்பான். ஆனா அவன் வயித்துக்குள்ள சிரிப்பு இல்ல, புளிச்ச ஏப்பம்தான் இருந்துச்சு.

இந்தக் கூத்துக்கு நடுவுல நல்லம்மா ஒரு ரூம் கட்டுனா. புருசன் திருப்பூருக்குப் போனவன் அங்கயே இன்னொரு வீட்டுக்குக் குடித்தனம் போயிட்டான். அவ தனியா பீன்ஸு போட்டு, சவ்சவ் போட்டு, கல்லு செமந்து, தன் கையால சாந்து பூசிக் கட்டுனது. நாலு சுவரு, ஒரு சன்னலு, ஒரு கட்டிலு. தம்பியப் படுக்கச் சொன்னா. படுத்தான். மறுநா பஸ் ஸ்டாண்டுல, “படுத்தேன், சொல்றேன் சார், நாலு சுவரு, ஒரு கட்டிலு, நல்லாத் தூக்கம் வரும்”னான். கேட்டவங்க ‘அவ்வளவுதானா’ங்கிற மாதிரி பாத்துட்டு ஜெயிலுக்குப் போயிட்டாங்க.

“ஏண்டா, ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிருமா?” நல்லம்மா கேட்டா. “ராத்திரில கரடி வந்து கதவத் தட்டும்னு சொல்லேன். செத்துப்போனவ எவளாவது சன்னல்ல நிப்பான்னு சொல்லேன்.”

“யக்கா, கரடிய எங்கேருந்து புடிச்சிட்டு வர்றது? நானே கம்பளியப் போத்திக்கிட்டு வந்து தட்டணும்.”

“தட்டேன். கூடப்பொறந்தவதான?”

அவன் சிரிச்சான். அவ சிரிக்கல. அந்த ரூமைத்தான் தேரை தின்னுச்சு.

தேரை போகல. வாயத் தெறந்து வெச்சுக்கிட்டு அப்படியே இருந்துச்சு. நல்லம்மா, போனது போகட்டும் கம்பளியாவது கெடைக்குதான்னு உள்ள எட்டிப் பாத்தா, கெடைக்கல, ஆனா உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு. வெளிய சாரலும் குளிரும் வெட்டிக்கிட்டிருக்க, உள்ள ஒரு பெரிய கூடம் மாதிரி, கீழ நாக்கு பஞ்சு மாதிரி, மேல செவசெவன்னு அண்ணம், அண்ணத்துல ரெண்டு பெரிய உருண்டை தொங்கிக்கிட்டு. அவ வெளிய வரும்போது ரோட்டுல கார நிறுத்திட்டு ஒரு குடும்பம் நின்னுக்கிட்டிருந்துச்சு. “அக்கா, இது வாடகைக்கா?”ன்னு கேட்டாங்க. நல்லம்மா ஒரு மூச்சு யோசிச்சா. “ஆமா”ன்னா.

அவ்வளவுதான். அந்தத் தேரை ஏன் வந்துச்சு, எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்கப்பறம் யாரும் கேக்கல, ஏன்னா கேக்க வேண்டியது நெறைய இருந்துச்சு. இதுக்குக் கட்டட வரியா மாட்டு வரியான்னு பஞ்சாயத்துல கேட்டாங்க. கட்டட ஆபீசரு வந்து தட்டிப் பாத்து, இது மூச்சு விடுது, என் வேலை இல்லன்னு போயிட்டாரு. மாட்டு டாக்டரு வந்து பாத்து, உள்ள ஆளு படுத்திருக்கு, என் வேலை இல்லன்னு போயிட்டாரு. எந்தச் சாமிக்கும் தேரை வாகனம் கெடையாதேன்னு பூசாரி ரெண்டு நாளு யோசிச்சாரு, அப்பறம் இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு கற்பூரம் காட்டிட்டு, பொட்டு வெச்சாரு. தேரை ஒண்ணுக்குப் போனா அது ஓடையா எறங்கி மூணு காட்டுக்குப் பாஞ்சுச்சு, அந்தக் காட்டு கேரட்டு தொடை தண்டி வெளைஞ்சுச்சு, அதத் தின்ன வெளியூர்க்காரங்க மலைக் கேரட்டே தனின்னாங்க.

ஹோம்ஸ்டே சங்கத் தலைவரு பொன்னுரங்கம், வெள்ளைச் சட்டைப் பையில ரெண்டு பேனா வெச்சிருக்கிற ஆளு, நல்லம்மாகிட்ட வந்து, “தாயி, இது உன் காட்டுல உக்காந்தாலும் மலைக்கே வந்த லச்சுமி”ன்னு சொல்லி சங்கத்துல சேத்துக்கிட்டாரு. வாசல்ல, அதாவது கீழ் ஒதட்டுல, ‘உயிருள்ள விடுதி’ன்னு போர்டு வெச்சாங்க. நாக்கு மேல வரிசையா பாய் போட்டாங்க. அண்ணத்துல தொங்குன ரெண்டு உருண்டைலயும் கலர் லைட்டு சுத்துனாங்க.

சனம் வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு சனம். படுத்தா நாக்கு லேசா அசையும், அத ‘மசாஜு’ன்னாங்க. செவுத்துலேருந்து கொழகொழன்னு வடியும், அத மூஞ்சில பூசிக்கிட்டு ‘இயற்கையான ஜெல்லு’ன்னாங்க. அழுகுன மீனும், நனஞ்ச நாயும், கட்டி நின்ன சாக்கடையும் ஒண்ணாச் சேந்த ஒரு வாடை அடிச்சுச்சு, அத மூக்க விரிச்சு உள்ள இழுத்து ‘மண் வாசனை’ன்னாங்க. காலைல ஒதட்டு மேல வரிசையா உக்காந்து, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு இட்டிலி தின்னாங்க. தின்னுக்கிட்டே படம் புடிச்சாங்க. புடிச்ச படத்துல தேரைக் கண்ணும் விழணும்னு பின்னால சாஞ்சு சாஞ்சு ஒருத்தன் கேரட்டுக் காட்டுல விழுந்தான், எது பாஞ்ச காடுன்னு தெரியாம அதுலயே பொரண்டு சிரிச்சான்.

மத்த புரோக்கருங்க எல்லாம் ஒரு ராத்திரி படுத்து எழுந்திரிச்சு வந்துட்டாங்க. “படுத்தேன், சொல்றேன் மேடம், சொர்க்கம்”னு பஸ் ஸ்டாண்டே ரீங்காரம் போட்டுச்சு. சீரங்கன் மட்டும் போகல. போனான், ஒதட்டு வரைக்கும் போனான். அந்த வெதுவெதுப்பு மூஞ்சில அடிச்சதும் கொடலு தொண்டைக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. திரும்பி வந்துட்டான்.

“ஊரு ஒலகமே வந்து படுக்குது, கூடப்பொறந்தவனுக்கு மட்டும் குமட்டுதாக்கும்”னா நல்லம்மா. பக்கெட்டும் மாப்புமா நின்னா. தெனமும் காலைல உள்ள போய் நாக்கத் தொடைக்கிறது அவ வேலை. முட்டி வரைக்கும் கொழகொழ. கையெல்லாம் வெளுத்துப் போய் ஊறுன பட்டாணி மாதிரி இருந்துச்சு.

“யக்கா, நீ மொதல்ல கைய மோந்து பாரு.”

“மோந்துட்டேன். பொழைப்பு வாசம் அடிக்குது. உனக்கு அந்த வாசம் புதுசு.”

எந்த வேலைலயும் ஒட்டாதவன் என்னத்தச் சொல்றது? ஆனா அவன் ஒண்ணப் பாத்து வெச்சிருந்தான். சின்ன வயசுல வீட்டு லைட்டு வெளிச்சத்துக்கு ஈசல் விழும், அதப் புடிச்சுத் தின்ன தேரை வரும், அவன் குத்த வெச்சு உக்காந்து வேடிக்கை பாப்பான். ஒவ்வொரு ஈசல முழுங்கும்போதும் தேரை கண்ண மூடும். சும்மா மூடாது, கண்ணு ரெண்டும் தலைக்குள்ள பொசுக்குன்னு எறங்கும். கண்ணாலதான் அது சோத்த உள்ள தள்ளும். இந்தத் தேரை ரூம முழுங்குனதுக்கப்பறம் ஒரு தடவகூடக் கண்ண மூடல. கலர் லைட்டு சுத்துன அந்த உருண்டை ரெண்டும் என்னான்னு மலைல யாரும் யோசிக்கல.

சரஸ்வதி பூசை லீவு வந்துச்சு. தேரை வாயி நெரம்பி வழிஞ்சுச்சு. அதுல பெங்களூருலேருந்து ஹரீஷுன்னு ஒருத்தன், எங்க போனாலும் கேமராவக் குச்சில மாட்டித் தன் மூஞ்சிய மட்டும் புடிக்கிறவன். அவன் சங்கத்துல வந்து புகார் சொன்னான். “சார், ஸ்டே சூப்பரு. ஆனா சீலிங்ல அந்த ரெண்டு உருண்டையும் எங்களையே பாத்துக்கிட்டிருக்கு. நாங்க திரும்புனா அதுவும் திரும்புது. பிரைவசி இல்ல சார்.”

பொன்னுரங்கம் ரெண்டு பேனாவையும் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. “கண்ணுதானே தம்பி பாக்குது? கண்ணக் கட்டிட்டாப் போச்சு.”

ஆயுத பூசைன்னு மலையே கழுவி விட்டுக் கெடந்துச்சு. ஜீப்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, கடப்பாறைக்குப் பொட்டு. சோறு போடுற ஆயுதத்துக்கெல்லாம் பூசைன்னா, தேரைக்கு இல்லாமயா? மொதுகு மேல ஏணி வெச்சு ஏறி மருவு மருவுக்குச் சந்தனம் வெச்சாங்க, முன்னங்காலு ரெண்டுலயும் வாழைக்கன்னு கட்டுனாங்க, லோடு லாரிக்குப் போத்துற பெரிய கறுப்புத் தார்ப்பாய நாலு பேரு மேல தூக்கிட்டுப் போனாங்க. திருஷ்டிக்குப் பூசணிக்காய்ல கற்பூரம் ஏத்தி பூசாரி தயாரா நின்னாரு.

“அண்ணே, கண்ண மட்டும் கட்டாதீங்க”ன்னு சீரங்கன் ஓடியாந்தான். “தேரை கண்ண மூடுனா முழுங்கும்ணே. சத்தியமாச் சொல்றேன். கண்ணாலதான் அது முழுங்கும்.”

கூட்டம் ஒரு வினாடி அவனப் பாத்துச்சு. அப்பறம் கொல்லுன்னு சிரிச்சுச்சு.

“வாயால பொழைக்கிறவன் நீ, அது கண்ணால பொழைக்குதா?”ன்னாரு பொன்னுரங்கம்.

“ஜோக்கில்லண்ணே!”

“அதையும் சிரிக்காமச் சொல்றான் பாரு”ன்னு பூசாரி கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. வருசக்கணக்கா டீக்கடைல சனத்தச் சிரிக்க வெச்ச வாயி. அன்னைக்கு அந்த வாயிலேருந்து எது வந்தாலும் சனம் சிரிக்கிறதுக்குத் தயாரா இருந்துச்சு. அவன் மனசுக்குள்ளயே தன் வாயில ஒரு அறை விட்டான்.

அந்த நேரம் பாத்து நல்லம்மா பக்கெட்டோட உள்ள போனா. விடிஞ்சு வெயிலு வந்தும் எழுந்திரிக்காத சனம் உள்ள பொரண்டுக்கிட்டிருந்துச்சு, அவங்களச் சுத்திச் சுத்தித் தொடைக்கணும்.

தார்ப்பாய் விழுந்துச்சு. ரெண்டு கண்ணும் இருட்டாச்சு. தேரை மேல எதுவோ விழுந்துடுச்சுன்னு நெனச்சுதோ, இல்ல பொறுத்தது போதும்னு நெனச்சுதோ, மெதுவாக் கண்ண மூடுச்சு. உள்ள கலர் லைட்டு சுத்துன உருண்டை ரெண்டும் கீழ எறங்குறது வாசல்லேருந்தே தெரிஞ்சுச்சு. சீரங்கன் “யக்கா”ன்னான். நல்லம்மா திரும்பிப் பாத்தா. வாயி மூடிக்கிட்டிருந்துச்சு. ஒதட்டு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்த சீரங்கன், மூக்கப் புடிச்சுக்கிட்டு, கண்ண இறுக்கிக்கிட்டு, உள்ள குதிச்சான்.

அப்பறம் நடந்ததச் சொல்லணும்னா, ஊறுகாய் ஜாடிக்குள்ள ஒருத்தன் போற மாதிரி போனான். வழவழன்னு, இறுக்கிக்கிட்டு, காதுல வாயில மூக்குல எல்லாத்துலயும் அது. போய் விழுந்த எடம் வயிறு. செல்போன் வெளிச்சம் அங்கங்க மினுங்குச்சு. சனம் கத்துதுன்னு நெனச்சான், பாத்தா கைதட்டுது. “வாவ், இது பேக்கேஜ்ல சொல்லவே இல்லையே”ங்குது ஒரு குரலு. ஹரீஷு குச்சிய நீட்டி, “காய்ஸ், நாம இப்ப ஸ்டமக்ல இருக்கோம்”ங்கிறான்.

வயித்துக்கு நடுவுல நல்லம்மா ரூமு நின்னுச்சு. நாலு சுவரு, ஒரு சன்னலு, மேல ஓடு, ஒண்ணும் ஒடையாம, செவுரு பூரா கொழகொழ வடிஞ்சுக்கிட்டு. வாசப்படில நல்லம்மா உக்காந்திருந்தா, மாப்பு மடில.

“வந்துட்டியா? படுக்கவா?”ன்னா.

“யக்கா, எழுந்திரி. போயிரலாம்.”

“எங்கடா போறது? இங்க பாரு.” அவ செருப்பக் காட்டுனா. ரப்பர் செருப்பு தோசை மாவு மாதிரி எளகிப் போயிருந்துச்சு. காலு செவந்து போயிருந்துச்சு. “எரியுதுடா. மொதல்ல கதகதன்னு இருந்துச்சு. இப்ப எரியுது.”

அவ பயந்து அவன் பாத்ததே இல்ல. புருசன் போனப்பகூட அவ மம்பட்டியத்தான் எடுத்தா. இப்ப அவ கையி அவன் சட்டையப் புடிச்சிருந்துச்சு.

பின்னால சனத்துக்குள்ள சண்டை. வயித்துக்குள்ள இருக்கிற இந்த ரூம யாரு எடுக்கிறதுன்னு. “நாங்கதான் மொதல்ல பாத்தோம்.” “மேடம், நாங்க பேமிலி.” யாரோ ஒருத்தரு போன் அடிச்சுச்சு, ஸ்பீக்கர்ல பொன்னுரங்கம்: “சாரு, எல்லாம் சௌகரியமா? இன்னும் ஒரு நாளு சேத்து இருந்துக்கிறீங்களா?” சனம் ஹோன்னு கத்துச்சு, சந்தோசத்துல.

சீரங்கனுக்குக் கொடலு மறுபடி தொண்டைக்கு வந்துச்சு. வந்தது அங்கயே நின்னு, அவனுக்கு ஒண்ண ஞாபகப்படுத்துச்சு. மலை பஸ்ஸு. கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது மொத வளைவுல எல்லாரும் பாட்டுப் பாடுவாங்க. அப்பறம் யாராவது ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, ‘உவ்’வுன்னா போதும். பக்கத்து சீட்டு, முன் சீட்டு, எதிர் சீட்டு, கடைசில கண்டக்டரு. பஸ் ஸ்டாண்டுல நின்னு தெனம் பாக்குறான். ஒருத்தரு ஆரம்பிச்சாப் போதும்.

“கேளுங்க! எல்லாரும் கேளுங்க! இங்க இருக்கிறது...”

“ஏ, நீ யாரு?”ன்னு ஒருத்தரு. “நீ இங்க படுத்துருக்கியா? புரோக்கர்னா படுத்துட்டுச் சொல்லணும்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்களே?”

நல்லம்மா தம்பியப் பாத்தா. கட்டு கட்டுதான். வயித்துக்குள்ள வந்தாலும் கட்டு.

சீரங்கன் கீழ பாத்தான். முட்டி ஆழத்துக்கு மஞ்சளா, கட்டி கட்டியா, லேசா கொப்புளம் விட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரு பாதி கரைஞ்ச பாயி மெதந்துச்சு. அவன் படுத்தான். காது ரெண்டும் முங்குற வரைக்கும் படுத்தான். அது கழுத்துக்குள்ள எறங்கி, சட்டைக்குள்ள போயி, தொப்புள நெரப்பி, வெதுவெதுன்னு அவனத் தாலாட்டுச்சு. பொறந்ததுலேருந்து அவன் காறித் துப்புனதெல்லாம் ஒண்ணு கூடி வந்து அவனக் கட்டிப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பறம் எழுந்திரிச்சான். ஒடம்புலேருந்து நூலு நூலா வழிஞ்சுச்சு.

“படுத்தேன், சொல்றேன்”னான். சனம் சண்டைய விட்டுட்டுத் திரும்புச்சு. “நீங்க மெத்தைன்னு படுத்தது நாக்கு. அந்த நாக்கு நீங்க வர்றதுக்கு முன்னால புடிச்சது ஈ. அந்த ஈ வந்தது கறிக்கடைக்காரன் கோழிக் கொடலு கொட்டுற பள்ளத்துலேருந்து. ஜெல்லுன்னு மூஞ்சில பூசுனீங்களே, மேடம், இன்னும் பொருவத்துல காஞ்சு கெடக்கு பாருங்க, அது எச்சி. இன்னைக்கு ஊறுன எச்சி இல்ல, ஆடி மாசத்துலேருந்து ஊறுனது. உங்களுக்கு முன்னால படுத்தவரு வேர்வை அதுல இருக்கு, அவருக்கு முன்னால படுத்தவரு தலை எண்ணெய் இருக்கு, அதுக்கு முன்னால ஒரு பெரியவரு படுத்தாரு, அவருக்குக் கால்ல பித்த வெடிப்பு, அவரு ராத்திரி பூராச் சொறிஞ்சாரு, அது உதுந்துச்சு, அதுவும் இருக்கு. அத்தனையும் சேந்து வடியிறதத்தான் ரெண்டு கையாலயும் வழிச்சு வழிச்சுப் பூசுனீங்க. காலைல இட்டிலி வழுக்கிக்கிட்டுத் தானா உள்ள போச்சே, அதிசயமா இல்ல? சட்னி வெதுவெதுன்னு இருந்துச்சே, அத யாரு சூடு பண்ணா? எங்க அக்கா பண்ணல. தட்ட ஒதட்டு மேல வெச்சீங்க, அது உள்ளேருந்து மூச்சு விட்டுச்சு. ஏப்பமும் விட்டுச்சு. தம்பி ஹரீஷு, நேத்து நாக்க நீட்டி செவுத்த நக்கிப் படம் புடிச்சியே, லைக்கு வந்துச்சா? இப்ப அந்த நாக்க வெளிய நீட்டாத. உள்ளயே வெச்சு மெதுவா மேல தடவிப் பாரு. பின்பக்கம் ஒரு மயிரு மாதிரி ஒட்டியிருக்கும். அது மயிரு இல்ல. ஈயோட காலு.”

ஹரீஷு வாயி அசைஞ்சுச்சு. நாக்கு உள்ள தேடுறது கன்னத்துல தெரிஞ்சுச்சு. தேடுன எடத்துல எதுவோ ஆம்புட்டுச்சு.

“உவ்...”

அந்த ஒருத்தரு கெடச்சாச்சு. பக்கத்துல இருந்த மேடம் திரும்பிக்கிட்டா, திரும்புன எடத்துல இன்னொருத்தரு குனிஞ்சிருந்தாரு. பேமிலிக்காரரு, அவரு சம்சாரம், பெங்களூரு, திண்டுக்கல்லு, ஈரோடு, எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, கைதட்டுன அதே வேகத்துல. நல்லம்மாவும். கடைசியாச் சீரங்கன், எத்தனையோ மாசமா அடக்கி வெச்சது, மனசார. அத்தனையும் அந்த வயித்துல விழுந்துச்சு.

தேரை ஒரு தடவ குலுங்குச்சு. அப்பறம் செவுரு பூரா மடிஞ்சுச்சு. வெளிய நின்னவங்க சொன்னது என்னன்னா, தேரை தார்ப்பாயத் தட்டி விட்டுட்டு, கண்ணத் தெறந்து, ‘என்ன கருமத்தடா தின்னேன்’ங்கிற மாதிரி ஒரு பார்வை பாத்துச்சாம், பாத்துட்டு, வாயத் தெறந்து, உள்ளேருந்து வயித்தவே வெளிய எடுத்துச்சாம், தொவைச்ச பாவாடைய உள்பொறம் வெளியே திருப்புற மாதிரி. சனம் சரசரன்னு கேரட்டுக் காட்டுல கொட்டுச்சு. பக்கெட்டு, பாயி, கேமரா, நல்லம்மா, சீரங்கன். எல்லாத்துக்கும் கடைசியா அந்த ரூமு, நட்ட வாக்குல வந்து நின்னுச்சு.

தேரை வலது கையால அந்த வயித்த நல்லா வழிச்சு வழிச்சுத் தொடைச்சுச்சு. வெரலு எடுக்குல ஒட்டுனதக்கூட ஒதறுச்சு. அப்பறம் உள்ள போட்டுக்கிட்டு, மலையையும் மலைல இருந்த எல்லாரையும் ஒரு சுத்து பாத்துச்சு. சீரங்கன் எத்தனையோ மூஞ்சில அருவருப்பப் பாத்திருக்கான், அவன் மூஞ்சியவே கண்ணாடில பாத்திருக்கான், ஆனா அந்த மாதிரி ஒரு அருவருப்ப அவன் பாத்ததில்ல. முன்னங்கால்ல வாழைக்கன்னோட, மொதுகுல சந்தனப் பொட்டோட, ஒரே தாவுல அந்தப் பக்கத்து மலைக்குப் போயிடுச்சு. பூசாரி கைல பூசணிக்காய் ஒடைக்காமலே இருந்துச்சு.

காட்டுல கெடந்த சனம் ஒருத்தர ஒருத்தர் பாத்துச்சு. ஹரீஷு வாயத் தொடைச்சுக்கிட்டு, “சார், இந்த வெளிய வர்ற பார்ட்டு தெனமும் உண்டா?”ன்னு பொன்னுரங்கத்தக் கேட்டான். பொன்னுரங்கம் ரெண்டு பேனாவையும் தொட்டாரு.

அடுத்த வாரமே தேரை உக்காந்த பள்ளத்துல கூடாரம் போட்டாங்க. கொழகொழய ட்ரம்முல புடிச்சு வெச்சு, வர்றவங்க மேல தெளிச்சாங்க. நல்லம்மாவத் தேடியும் பொன்னுரங்கம் வந்தாரு. “தாயி, தேரை வயித்துக்குள்ள போயிட்டு வந்த ரூமு ஒலகத்துலயே உன்னுது ஒண்ணுதான். சுவத்துல இருக்கிறத மட்டும் தொட்டுராத. காஞ்சா பெயிண்டு அடிச்ச மாதிரி ஜொலிக்கும்.”

நல்லம்மா கேட்டுக்கிட்டா. அவரு போனதும் சுண்ணாம்பக் கரைச்சா, சீயக்காயக் கரைச்சா, தென்ன நார எடுத்தா. தேய்ச்சா. சுவரு சுவராத் தேய்ச்சா, ஓடு ஓடாக் கழட்டித் தேய்ச்சா, சன்னல் கம்பில இருந்தத ஊக்கால நோண்டி எடுத்தா. சீரங்கன் தண்ணி எறைச்சுக் குடுத்தான். அவ்வளவு நாள் ஒரு வேலைல அவன் நின்னது அதுதான் மொத தடவ. போறவங்க வர்றவங்க நின்னு, “அடிப்பாவி, லச்சுமியக் கழுவி விடுறாளே”ன்னு வயிறெரிஞ்சாங்க. நல்லம்மா நிமிரல. வாடை கடைசியா ஓட்டு எடுக்குலேருந்து போனதும், கையிய மோந்து பாத்தா. சீயக்காய் வாசம். தம்பிகிட்டயும் நீட்டுனா. மோந்தான்.

“படு”ன்னா.

படுத்தான். நாலு சுவரு. ஒரு சன்னலு. ஒரு கட்டிலு. எதுவும் அசையல, எதுவும் வடியல, எதுவும் அவனப் பாக்கல.

காலைல பஸ் ஸ்டாண்டுல நின்னான். பஸ்ஸு வந்துச்சு. ஒரு ஜோடி எறங்குச்சு, நடு வயசு. அந்தம்மா எறங்குனதும் எறங்காததுமாத் தூணப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, வளைவுல மிச்சம் வெச்சதயும் எடுத்தா. வீட்டுக்காரரு ஒரு கையால அவ முடியப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சீரங்கனக் கூப்ட்டாரு.

“தம்பி, மறக்கவே முடியாத மாதிரி ஒரு எடம் வேணுமே. இருக்கா?”

பள்ளத்துப் புரோக்கருங்க நாலு பக்கமும் ஓடியாந்தாங்க. சீரங்கன் வாயத் தெறந்தான்.

“படுத்தேன், சொல்றேன் சார். நாலு சுவரு, ஒரு கட்டிலு. ஊருக்குப் போயி ரெண்டு நாள்ல மறந்துருவீங்க.”

வீட்டுக்காரரு மூஞ்சியச் சுளிச்சாரு. அந்தம்மா குனிஞ்ச வாக்குலயே ஒரு கையத் தூக்கி அவர நிறுத்துனா. முந்தானையால வாயத் தொடைச்சுக்கிட்டு நிமிந்தா.

“அங்கயே போவோம்”னா.